ஊத்தலைன்னு எழுதின தண்ணி

ஒரு லிட்டர். இந்த அளவ மனசுல வச்சுக்கங்க. ஒரு தொட்டிக்கு, ஒரு நாளைக்கு, ஒரு லிட்டர். என்ன செடி, எவ்வளவு பெரிய தொட்டி, ஜன்னலோரமா இருட்டு மூலையா, வெயில்காலமா மழைக்காலமா, ஒண்ணும் கேக்கக்கூடாது. ஊத்து, தொட்டியில தொங்குற அட்டையில டிக் போடு, அடுத்த தொட்டிக்குப் போ. இந்த உத்தரவ எழுதினவரு தன் ஆயுசுல ஒரு செடிகூட வளத்ததில்ல. அத நிறைவேத்த வேண்டிய அம்மாவோ அதே கட்டடத்துல பதினோரு வருஷமா செடி பாத்தவங்க.

ஒன்பது மாடி ஆபீஸ். மொத்தம் நூத்தி அறுபது தொட்டி. அவங்க கழுத்துல தொங்குற அடையாள அட்டையில ஒரு பேரு இருக்கு, ஆனா அதப் படிச்சவங்க யாரும் கிடையாது. லிஃப்ட்காரர்லேர்ந்து பெரிய அதிகாரி வரைக்கும் எல்லாருக்கும் பச்சையக்காதான். சம்பளம் கட்டடத்துக்காரங்க குடுக்கல, நடுவுல ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி. அந்தக் கம்பெனி கையில பன்னெண்டு கட்டடம் இருக்கு. இதையும் ஞாபகம் வச்சுக்கங்க, காரணம் இருக்கு.

அக்காவோட வேலை முறை ரொம்ப எளிசு. சக்கர வண்டியில தண்ணி கேன், ரெண்டு பழந்துணி, கத்திரிக்கோல், தேஞ்சு போன பல் தேய்க்கிற பிரஷ் ஒண்ணு. ஒவ்வொரு தொட்டிக்கிட்டயும் போனா முதல்ல இலையத் திருப்பி அடிப்பக்கம் பாப்பாங்க. அப்புறம் ஆள்காட்டி விரல ரெண்டாவது கணு வரைக்கும் மண்ணுல விடுவாங்க. காஞ்சிருந்தா தண்ணி. ஈரம் இருந்தா ஒரு தட்டு தட்டிட்டு அடுத்தது. வாரம் ஒரு தடவை உள்தொட்டியத் தூக்கி, வெளித்தொட்டியில தேங்கி நிக்கிற தண்ணியக் கொட்டிடுவாங்க. பாம்புச்செடிக்கு மூணு வாரம்கூட தண்ணி காட்டாம விடுவாங்க. அது ஒட்டகம், அத யாரும் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டாம்னு சொல்லுவாங்க. இப்படியே பதினோரு வருஷம். செத்த செடிய எண்ண ரெண்டு கை விரல் தேவைப்பட்டதில்ல.

அப்புறம் கட்டடத்துக்குப் புது மேனேஜர் வந்தாரு.

வந்ததும் அவரு கண்ணுல பட்டது பழைய வெளித்தொட்டிங்க. அழகா இல்லையாம். வெள்ளை வெளேர்னு ஒண்ணரைச் சாண் உயரத்துக்கு புதுத் தொட்டிங்க வந்து இறங்குச்சு. அடியில ஓட்டை கிடையாது, தரை நனையக்கூடாதாம். செடி இருக்கிற பிளாஸ்டிக் உள்தொட்டிய அப்படியே அதுக்குள்ள இறக்கினாங்க. மண்ணு தெரிஞ்சா அசிங்கம்னு மேல கூழாங்கல்லு பரப்பினாங்க. கல்ல யாரும் எடுத்து விளையாடக்கூடாதுன்னு பசை ஊத்தி, எல்லாத்தையும் ஒரே தகடு மாதிரி ஒட்டிட்டாங்க. கல்லுக்கு நடுவுல சின்னச் சின்ன சந்து இருக்கும். அதுல தண்ணி இறங்கும். விரல் இறங்காது. உள்தொட்டியத் தூக்கவும் முடியாது.

அக்கா மேனேஜர் அறை வாசல்ல போய் நின்னாங்க.

"சார், கல்ல ஒட்டிட்டாங்க சார். மண்ணு காஞ்சிருக்கா ஈரமா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்கு எதுக்கும்மா தெரியணும்? அதான் அட்டை போட்டிருக்கோம்ல. தினமும் ஒரு லிட்டர். யோசிக்கிற வேலையே உங்களுக்குக் கிடையாது."

"எல்லாச் செடிக்கும் ஒரே அளவா சார்?"

"எல்லா மாடிக்கும் ஒரே கரண்ட்தானே வருது?"

இது ஒரு பதிலா? பதில்தான்னு அவரு நெனச்சாரு. பக்கத்துல நின்ன கம்பெனி சூப்பர்வைசர், அக்காவோட பாதி வயசுக்காரன், வெளிய வந்ததும் கையெடுத்துக் கும்பிடாத குறையா சொன்னான்: "அக்கா, ஊத்திட்டுப் போங்கக்கா. என்னத்துக்கு வம்பு? அவரு கேக்கிறது ஒரு டிக். போட்டுட்டுப் போங்க."

அக்கா ஊத்தினாங்க. இதையும் மறைக்காம எழுதித்தான் ஆகணும். செடி மூழ்குதுன்னு தெரிஞ்சே, ஒரு நாளைக்கு நூத்தி அறுபது லிட்டர், மூணு மாசம் ஊத்தினாங்க. ஒவ்வொண்ணுக்கும் டிக் போட்டாங்க. வேலைக்குப் போறவங்க பாதிப் பேரு தினமும் செய்யிறது இதுதான்: தப்புன்னு தெரிஞ்சதச் செய்யிறது, கீழ கையெழுத்தும் போடுறது. அக்காவத் திட்டுறதுக்கு முன்னாடி, அவங்களுக்கு வேற வழி யாராவது வச்சிருந்தாங்களான்னு கேளுங்க.

ரெண்டாவது மாசம் இலை மஞ்சளாச்சு. மூணாவது மாசம் தண்டு தொங்குச்சு. மண்ணுலேர்ந்து சின்னச் சின்ன கொசு மாதிரி ஈ கிளம்பி, கம்ப்யூட்டர் திரையிலயும் காபி கப்புலயும் உக்காந்துச்சு. முப்பத்தொரு செடி குப்பைக்குப் போச்சு.

செடி தொங்கினா மேனேஜருக்கு என்ன தோணும்? தாகம். அவரு போன்ல ஏதோ செடி வைத்தியம் சொல்ற ஆப் வச்சிருந்தாரு. படம் எடுத்தாரு, 'தண்ணீர் பற்றாக்குறையாக இருக்கலாம்'னு வந்துச்சு. முடிஞ்சுது விசாரணை. வேர் அழுகிட்டா செடியால தண்ணி குடிக்க முடியாது, அதனால தண்ணியில நின்னுக்கிட்டே வாடும். இது அந்த போனுக்கு எப்படித் தெரியும்? இலையப் படம் எடுக்கலாம். வேரப் பாக்கணும்னா குனியணும்.

திங்கக்கிழமை காலையில சூப்பர்வைசர் ஒரு கடிதத்தக் கொண்டுவந்து நீட்டினான். அக்காவோட கண்ணப் பாக்காமலே நீட்டினான். அதுல ஒரு வரி: 'தண்ணீர் ஊற்றாமலேயே ஊற்றியதாகப் பொய்யாகக் குறியிட்டுள்ளார்.' வெள்ளிக்கிழமை மேனேஜர் முன்னாடி கையெழுத்துப் போட்டுட்டு வேலையிலேர்ந்து நின்னுக்கணும்.

"தம்பி, நீ தினமும் என்னப் பாக்கிறியே. நான் ஊத்தாம டிக் போட்டேனா?"

"எனக்குத் தெரியும்க்கா."

"தெரிஞ்சா அங்க சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா எனக்கும் ஒரு கடிதம் வரும்க்கா."

வேலை போறது ஒரு அடி. ஆனா அக்காவ உக்கார வச்சது அந்த வரிதான். கம்பெனிக்குப் பன்னெண்டு கட்டடம்னு சொன்னேன்ல? எந்தக் கட்டடத்துல போய்க் கேட்டாலும் பழைய கடிதத்தக் கேப்பாங்க. பொய் டிக் போட்டவன்னு எழுதின காகிதத்த வச்சுக்கிட்டு யாருகிட்ட வேலை கேக்கிறது? அதுவும் அக்காவுக்கு! தன் கையால ஊத்தி ஊத்திக் கொன்னவங்கள, ஊத்தவே இல்லன்னு சொல்றாங்க. அநியாயத்துலகூட ஒரு அளவு வேண்டாமா?

சாயங்காலம் நேரா புருஷனோட சைக்கிள் கடைக்குப் போனாங்க. அவரு ஒரு டியூபத் தண்ணித் தொட்டியில முக்கிக் குமிழ் தேடிக்கிட்டு இருந்தாரு.

"ஏங்க, நான் பொய் டிக் போட்டேன்னு எழுதியிருக்காங்க."

"யாரு, நீயா? பொண்ணு பாக்க வந்தப்ப உன் வயச ஒண்ணு கொறச்சுச் சொன்னதுக்கு உங்கப்பாகிட்ட சண்டை போட்ட ஆளு நீ."

"வெளையாடாதீங்க, வயிறு எரியுது."

அவரு டியூபக் கீழ வச்சாரு. கடிதத்த ரெண்டு தடவை படிச்சாரு. ஈரக்கை பட்டு ஓரம் நனைஞ்சுது. "உன் மேனேஜர் எப்படின்னா, டயர் பஞ்சர்னா தண்ணியில முக்கிப் பாக்காம பம்ப்ப எடுத்து மேல மேல காத்தடிக்கிற ஆளு. அடிச்சுட்டு, காத்தே அடிக்கலன்னு பையனுக்குத் திட்டு வேற."

"எனக்கு விரல் போகலைங்க. அதான் என்னக் கட்டிப் போட்டது. கல்ல ஒட்டிட்டாங்க. உள்ள எவ்வளவு தண்ணி நிக்குதுன்னு நான் எப்படிக் காட்டுறது?"

அவரு எந்திரிச்சு, மூலையில கிடந்த டப்பாவுலேர்ந்து ஒரு ஸ்போக்ஸ் கம்பிய உருவினாரு. சைக்கிள் சக்கரத்துக் கம்பி. நேரா, மெலிசா, முழங்கை நீளத்துக்கு.

"விரல் போகாது. இது போகுமா?"

அக்கா கம்பிய வாங்கி விரல்ல உருட்டிப் பாத்தாங்க. கல்யாணமான இத்தனை வருஷத்துல அவரு குடுத்த பரிசுலேயே உருப்படியானது இதுதான்னு சொன்னாங்க. அவரு, "அப்ப அந்தப் புடவை?"ன்னாரு. "அதப் பத்திப் பேசாதீங்க"ன்னாங்க.

மறுநாள் காலையில வண்டியில தண்ணி கேனே இல்ல. கம்பி, துணி, பிரஷ், ஸ்க்ரூ டிரைவர், ஒரு நோட்டு. கூட நாத்தனார். புருஷனோட தங்கச்சி. அதே கட்டடத்துல தரை துடைக்கிற வேலை. வாய் இருக்கே, மாப்பவிட நீளம்.

"என்ன அண்ணி, கம்பியோட கெளம்பிட்டீங்க? மேனேஜர குத்தப் போறீங்களா? முன்னாடியே சொல்லுங்க, ரத்தம் துடைக்கத் தனி துணி எடுத்துக்கிறேன்."

"வாய மூடிட்டு நோட்டப் பிடி. நான் சொல்றத எழுது."

கல்லுச் சந்துல, உள்தொட்டிக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவுல, கம்பி வழுக்கிக்கிட்டு இறங்குச்சு. அடி தட்டுற வரைக்கும் விட்டு மேல இழுத்தாங்க. வண்டியில ஆயில் பாக்கிற மாதிரி. நனைஞ்ச உயரம் ஒரு சாண். மூக்குக்கிட்ட கொண்டுபோனாங்க. சாக்கடை.

"எழுது. நாலாவது மாடி, ஜெராக்ஸ் மிஷின் பக்கம், பாம்புச்செடி. ஒரு சாண் தண்ணி."

"நாத்தம்னு எழுதவா?"

"எழுது."

தொங்குற அட்டையில அன்னைக்குக் கட்டத்துல அக்கா டிக் போடல. பேனாவ எடுத்துக் கொட்டை எழுத்துல எழுதினாங்க: ஊத்தல. உள்ள ஒரு சாண் நிக்குது.

அடுத்த தொட்டி. அடுத்தது. எல்லாமே ஒரே வியாதி கிடையாது, அதுவும் கம்பியிலயும் கண்ணுலயும் தெரிஞ்சுது. ஒன்பதாவது மாடி ஜன்னல்ல ஒரு செடிக்கு இலை நடுவுல காகிதம் மாதிரி பழுப்புத் திட்டு. ஊத்தினத வெயில் குடிச்சிட்டதால தொட்டியில தண்ணி தேங்கல. அது வெயில் பொசுக்கினது, திரைய இழுத்துவிட்டா போதும். ஏசி காத்து நேரா அடிக்கிற இடத்துல ரெண்டுக்கு நுனி மட்டும் கருகியிருந்துச்சு. தள்ளி வச்சாங்க. ஒரு ரப்பர் செடியோட இலைக்கடியில பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி. நாத்தனாரோட வாளிச் சோப்புத் தண்ணியில பிரஷ்ஷ நனைச்சு ஒவ்வொண்ணாத் தேச்சு எடுத்தாங்க. நாலு வியாதிக்கு நாலு வைத்தியம். மேனேஜர்கிட்ட எல்லாத்துக்கும் ஒரே மருந்து, அதுவே விஷம்.

வேர் அழுகினது மட்டும் எம்பத்தாறு தொட்டி.

கம்பி சொன்னாப் போதாது, கண்ணால பாக்கணும்னு அக்காவுக்குத் தோணுச்சு. ஜெராக்ஸ் மிஷின் பக்கத்துத் தொட்டியில ஸ்க்ரூ டிரைவர விட்டு நெம்பினாங்க. கல்லுத் தகடு டப்புன்னு உடைஞ்சுது. பாம்புச்செடி இலையத் தொட்டாங்க, அடியோட கையில வந்துடுச்சு, வெந்த கிழங்கு மாதிரி கொழகொழன்னு. வேர் கறுப்பு. ரெண்டு விரல்ல பிடிச்சு இழுத்தா தோல் தனியா உருவி வந்து, உள்ள நூல் மட்டும் மிஞ்சுச்சு. நல்ல வேரு வெள்ளையா இருக்கும், ஒடிச்சா சத்தம் கேக்கும்.

ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு ஆபீஸ் பொண்ணு மூக்கப் பொத்திக்கிட்டா. "ஐயோ, என்னக்கா இது? இந்த நாத்தத்துக்கா நாங்க மூணு மாசமா ஒருத்தர ஒருத்தர் சந்தேகப்பட்டோம்?"

"சாக்ஸ் போட்டவங்ககிட்ட எல்லாரும் மன்னிப்பு கேட்டுக்கங்க"ன்னா நாத்தனார்.

சிரிப்பு சத்தத்துல மேனேஜர் வந்து நின்னது யாருக்கும் தெரியல.

"யாரு இத உடைச்சது?"

"நான்தான் சார்."

"இது கட்டடத்துச் சொத்து. தெரியுமா?"

"செடியும் கட்டடத்துச் சொத்துதான் சார். முப்பத்தொண்ணு செத்துச்சே, அத யாரு உடைச்சது?"

அவரு சூப்பர்வைசரக் கூப்பிட்டு, கடிதத்துல இன்னொரு வரி சேக்கச் சொன்னாரு: 'சொத்துக்குச் சேதம் விளைவித்தார்.' அட்டையில கிறுக்கினதுக்கும் ஒரு வரி. கடிதம் செடியவிட வேகமா வளந்துச்சு.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. மேனேஜர் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் அவரு, இந்தப் பக்கம் சூப்பர்வைசர், நின்னபடி அக்கா. உக்காரச் சொல்ல யாருக்கும் தோணல. கதவுக்கு வெளிய நாத்தனார் ஒரே இடத்த பத்து நிமிஷமாத் துடைச்சுக்கிட்டு இருந்தா. அறை மூலையில ஆள் உயர ரப்பர் செடி, அவரோட சொந்தச் செல்லம். பாதி இலை கொட்டி, மீதி மஞ்சளாத் தொங்குச்சு.

"கையெழுத்துப் போடுங்க."

"முதல் வரிய மட்டும் ஒரு தடவை படிங்க சார். உங்க வாயால கேக்கணும்."

"தண்ணீர் ஊற்றாமலேயே ஊற்றியதாகப் பொய்யாகக் குறியிட்டுள்ளார்."

"சரி சார். அப்ப இந்தச் செடிக்கும் நான் ஊத்தல?"

"பாத்தாலே தெரியுதே. வாடிப்போய் நிக்குது."

அக்கா செடிகிட்ட போயி, பையிலேர்ந்து ஸ்க்ரூ டிரைவர எடுத்து கல்லுத் தகட்ட நெம்பினாங்க. "ஏய், ஏய்!"ன்னு அவரு எந்திரிக்கிறதுக்குள்ள தகடு ரெண்டாப் பிளந்துச்சு. அக்கா திரும்பி சூப்பர்வைசரப் பாத்தாங்க. "தம்பி, ஒரு பக்கம் பிடி."

அவன் மேனேஜரப் பாத்தான். அக்காவப் பாத்தான். மூணு மாசமா அவன் முதுகெலும்பு எங்க இருந்துச்சோ, அன்னைக்கு எங்கேர்ந்தோ வந்துச்சு. போய்ப் பிடிச்சான்.

உள்தொட்டி சொதசொதன்னு மேல வந்துச்சு. அடியில ஓட்டை வழியா கறுப்பா ஒழுகுச்சு. நாத்தனார் கூப்பிடாமலே வாளியோட உள்ள நுழைஞ்சா. அந்த நிமிஷத்துக்குக் காத்துக்கிட்டு இருந்தவ. மூணு பேருமா வெளித்தொட்டியச் சாய்ச்சாங்க. தண்ணி வந்துச்சு. வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒரு வாளி நிறைஞ்சுது. இன்னொண்ணு பாதி. ஏசி அறை, ஜன்னல் திறக்க வழி கிடையாது. மேனேஜர் கைக்குட்டைய எடுத்து மூக்குல வச்சாரு.

"நான் ஊத்தலைன்னு எழுதியிருக்கீங்க சார்"னாங்க அக்கா. குரல் ஏறல. "அப்ப இந்தத் தண்ணிய ஊத்தினது யாரு?"

"இது... இன்னைக்குக் காலையில நீங்க ஊத்தினதா இருக்கலாம்."

"காலையில ஊத்தினது இப்படியா சார் நாறும்?"ன்னா நாத்தனார். "எங்க வீட்டுத் தண்ணி ஒரு நாள்ல இப்படி ஆனா நாங்க வீட்டயே காலி பண்ணிடுவோம்."

"நீங்க யாரு? உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"தரை துடைக்கிறவ சார். தரை ஈரமா இருக்கே, பாக்கல?"

அக்கா நோட்ட மேஜையில வச்சாங்க. மாடி, இடம், செடி, கம்பி நனைஞ்ச உயரம். எம்பத்தாறு வரி. "ஒவ்வொண்ணையும் சாய்ச்சுக் காட்டுறேன் சார். வாங்க, மாடி மாடியாப் போவோம். எல்லா ஆபீஸ்லயும் ஆளுங்க இருக்காங்க, அவங்களும் பாக்கட்டும். பாத்ததுக்கப்புறம் அந்த வரிக்குக் கீழ நான் கையெழுத்துப் போடுறேன்."

மேனேஜர் ஒரு நிமிஷம் எம்பத்தாறு தொட்டிய நெனச்சுப் பாத்தாரு. நாலாவது மாடி ஏற்கெனவே பேசிக்கிட்டு இருக்குன்னு அவருக்கும் தெரியும். பேனாவ எடுத்தாரு.

"சரி, ஒரு புரிதல் குறைபாடுன்னு மாத்திடலாம். ரெண்டு பக்கமும் தப்பு இருக்கு."

"எந்த ரெண்டு பக்கம் சார்? ஊத்தச் சொன்னது நீங்க. ஊத்தினது நான். வேணாம்னு முதல் நாளே வாசல்ல வந்து சொன்னதும் நான். குறைபாடு எனக்கு இல்ல. அந்த வரிய அடிங்க. உத்தரவுப்படி தினமும் ஊத்தினாருன்னு எழுதுங்க."

"அப்படி எழுத முடியாதும்மா. அப்புறம் தப்பு..."

"ஆமா சார். அப்புறம் தப்பு உங்களது ஆயிடும்."

சூப்பர்வைசர் தொண்டையச் செருமினான். "சார், அக்கா தினமும் ஊத்தினாங்க. நான் பாத்தேன். நானே கையெழுத்துப் போடுறேன்."

அறையில நாத்தம் குறையல. வாளி அங்கேயேதான் இருந்துச்சு, நாத்தனார் எடுக்கிற மாதிரித் தெரியல. கடைசியில அவரு பேனா அந்த வரி மேல குறுக்க ஓடுச்சு. சேதம், கிறுக்கல், வேலையிலேர்ந்து நிக்கணும்கிற வரி, எல்லாம் போச்சு. பக்கத்துல சின்ன எழுத்துல 'உத்தரவுப்படி ஊற்றினார்.' சூப்பர்வைசர் கீழ கையெழுத்துப் போட்டான். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை? கேட்டுப் பாருங்க. அது அவரு வாயில அன்னைக்கும் வரல, இன்னைக்கும் வரல.

திங்கக்கிழமை எல்லா மாடியிலயும் ஒரு சுற்றறிக்கை ஒட்டினாங்க. 'செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது வேர்களைப் பாதிக்கும் என நமது மேலாளர் கண்டறிந்துள்ளார்.' கண்டறிந்துள்ளார்! வாளியப் பாத்து மூக்கப் பொத்தினவரு கண்டறிந்துள்ளார். நாத்தனார் அதப் படிச்சுட்டு, "அண்ணி, அடுத்த வாரம் இவரு மாப்பயும் கண்டுபிடிப்பாரு பாருங்க"ன்னா. அக்காவுக்கு சிரிப்பு வரல. நின்னு கோவப்பட நேரமும் இல்ல. எம்பத்தாறு தொட்டி காத்துக்கிட்டு இருந்துச்சு.

மூணு வாரம் பிடிச்சுது. தகட்ட உடைச்சு, உள்தொட்டியத் தூக்கி, கெட்ட தண்ணியக் கொட்டி, ஊறின மண்ண உதறி, கறுத்த வேர நல்ல வேர் வர்ற வரைக்கும் வெட்டினாங்க. ஒவ்வொரு செடிக்கும் நடுவுல கத்திரிக்கோல சோப்புப் போட்டுக் கழுவினாங்க, ஒண்ணோட அழுகல் இன்னொண்ணுக்கு ஒட்டக்கூடாதுன்னு. பாதி வேர் போனா பாதி இலையயும் கத்தரிச்சாங்க, மிச்ச வேரால அவ்வளவு இலைக்குத் தண்ணி குடுக்க முடியாது. தேங்காய் நார்த்தூளும் மணலும் கலந்த லேசான மண்ணு. நேர் வெயில் படாத வெளிச்சம். உரம் கிடையாது. வயித்துப்போக்கு நின்ன ஆளுக்கு மறுநாளே பிரியாணி போடுவீங்களான்னு, கேட்டவங்ககிட்ட கேட்டாங்க. மேனேஜரோட ரப்பர் செடிய மத்ததுக்குச் செஞ்ச மாதிரியேதான் செஞ்சாங்க, ஒரு வெட்டு கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல.

அப்புறம் தண்ணி ஊத்தாம காத்திருந்தாங்க. அந்தக் காத்திருக்கிற வேலைக்கு எந்த அட்டையிலயும் கட்டம் கிடையாது. தினமும் வந்து விரல விட்டுப் பாத்தாங்க. சிலது நாலாம் நாள் சரிஞ்சுது. சிலது ஒரு மாசம் கல்லு மாதிரி நின்னுட்டு, அப்புறம் கழுத்துல ஒரு புது இலைச் சுருளக் காட்டுச்சு. ரெண்டு மாசம் கழிச்சு அக்கா நோட்ட எடுத்து மாடி மாடியா எண்ணினாங்க.

எம்பத்தாறுல பிழைச்சது அறுபத்திரெண்டு.